ஆஃபர்ல வந்த தோப்பு

மாப்ளே, நீ அனுப்புன வீடியோவை உங்க அத்தையும் நானும் ரெண்டு தரம் போட்டுப் பாத்தோம். பின்னாடி ஓடுன பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அட்டைப்பெட்டியைக் கீறுனே, உள்ளே கையை விட்டு ஒரு மாங்கன்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்குனே, கேமராவுக்கு நேரா ரெண்டு ஆட்டு ஆட்டுனே, பாக்கெட்டு மண்ணுல பாதி சோபாவுல கொட்டுச்சு. கீழே ஊர்ப்பட்ட பேரு லைக் போட்டுருக்காங்க. அதுல ஒருத்தர்கூடக் கன்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதேன்னு எழுதலை. படிச்ச புள்ளைக, மரியாதை தெரிஞ்சவங்க. நான் அம்புட்டு மரியாதை தெரிஞ்சவன் இல்லை. சொல்லிப்புடுறேன்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். சித்திரை வெயில்ல ஒட்டுக்கன்னு வாங்கச் சொல்லி உனக்கு யாரு யோசனை குடுத்தது? ஆஃபர்ங்குறே. ஐப்பசியில 300 ரூவா விக்கிற கன்னைச் சித்திரையில 150க்கு ஒருத்தன் குடுக்குறான்னா, உன் மேல உள்ள பாசமா? அந்த வெயில்ல அதுக்குத் தண்ணி ஊத்தி மாளலை அவனுக்கு. அந்தச் சோலியைத் தூக்கி உன் தலையில வச்சுட்டான். வச்சதுக்கு டெலிவரி சார்ஜும் நீயே குடுத்துருக்கே. எங்க அக்கா பெத்த புள்ளைக்கு இம்புட்டு நல்ல மனசு இருக்கும்னு நான் நெனைக்கலை.

சரி, வந்தது வந்துருச்சு. இமாம்பசந்த் மாங்கன்னு, சப்போட்டா, வியட்நாம்னு பேரு போட்ட பலா, குட்டைத் தென்னை, அப்புறம் அந்த மியாசாகி மாங்கன்னு. பெட்டியில ஊரு பேரைப் பாத்தேன், கடியம். ராஜமுந்திரிக்குப் பக்கத்துல, திரும்புன பக்கமெல்லாம் நர்சரி இருக்குற ஊரு. தொழில் தெரிஞ்சவங்கதான், குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து லாரியில ஏறி, குடோன்ல கெடந்து, உன் அபார்ட்மென்ட் வாசல்ல செக்யூரிட்டி மேசைக்குக் கீழே ரெண்டு நாள் குந்தியிருந்து, நீ மீட்டிங் முடிஞ்சு வந்தப்புறம் மேலே ஏறியிருக்கு. அம்புட்டு நாளும் இருட்டு, புழுக்கம், தண்ணி கெடையாது. அதை நீ வந்த கையோட எங்கே கொண்டுபோய் வச்சே? மேக்கே பாத்த பால்கனியில, மத்தியான வெயில்ல, ஏசி மெசின் வெக்கைக்காத்து ஊதுற எடத்துல. "வெயில் வேணும்ல மாமா"ன்னு வேற சொல்றே.

மணப்பாறைச் சந்தையில காளை புடிச்சுட்டு வந்தா உங்க தாத்தா என்ன செய்வாரு, ஞாபகம் இருக்கா? நடந்தே வந்த மாட்டை அன்னைக்கே ஏர்ல பூட்ட மாட்டாரு. நம்ம மாட்டோட சேத்தும் கட்ட மாட்டாரு. தனியா வேப்பமரத்தடியில கட்டி, தண்ணி காட்டி, உண்ணி கிண்ணி இருக்கான்னு காதுக்குள்ள விரல் விட்டுப் பாத்துட்டு, அது நிம்மதியா அசைபோட ஆரம்பிச்சப்புறந்தான் மத்த பேச்சு. கன்னுக்கும் அதேதான். இதுக்குமேல எங்கிட்ட வித்தை ஒண்ணும் கெடையாது. ஆனா நீ வித்தை இருந்தாத்தானே நம்புவே, அதனால விவரமாவே சொல்றேன்.

பெட்டியைச் சாயங்காலமா நெழல்ல வச்சுப் பிரிக்கணும். தூக்குறது பாக்கெட்டோட அடியில கையைக் குடுத்து. தண்டு என்னா கைப்பிடியா? தண்டைப் பிடிச்சுத் தூக்குனா பாக்கெட்டோட கனமெல்லாம் வேர்ல இறங்கும். மண்ணுகட்டி விட்டுப்போச்சுன்னா, தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த சிலும்பு வேரெல்லாம் அத்துப்போகும். பாக்க நல்லாத்தான் நிக்கும். ஒரு வாரத்துல கொழுந்து தலையைத் தொங்கப்போட்டுரும். அப்போ நீ கஸ்டமர் கேருக்குப் போன் போடுவே.

அடுத்தது தண்ணி. இப்பல்லாம் பாதிக் கன்னு தென்னை நார்க்கழிவுல வளந்து வருது. ஈரமா இருக்குறவரைக்கும் நார்க்கழிவு தங்கம். ஒருதரம் சுத்தமாக் காஞ்சுருச்சுன்னா பிடிவாதம் புடிக்கும், மேலே ஊத்துற தண்ணி பாக்கெட்டு ஓரமா வழிஞ்சு அடி ஓட்டை வழியா ஓடிரும். நீ தரையெல்லாம் நனைஞ்சதைப் பாத்துட்டு, "நல்லாக் குடிச்சுருச்சு"ன்னு நெனச்சுக்குவே. உள்ளே வேரு பட்டினி. அதுக்கு ஒரு வாளியில தண்ணியை வச்சு, பாக்கெட்டோட கன்னை அதுல இறக்கு. குமிழி குமிழியா மேலே வரும். அது நிக்கிறவரைக்கும் பக்கத்துலயே உக்காந்துரு. போனைப் பாக்காதே, குமிழியைப் பாரு. நின்னதும் வெளியே எடுத்துச் சாய்ச்சு வச்சு வடிய விட்டுரு. வாளியிலயே விட்டுட்டுத் தூங்கப் போயிடாதே, அது மீன் இல்லை.

அதுக்கப்புறம் வேளாவேளைக்குத் தண்ணின்னு அலாரம் வச்சுருக்கியாமே, உங்க அம்மா பெருமையாச் சொல்லுச்சு. அலாரத்தை நிப்பாட்டு. தண்ணி ஊத்துன உடனே ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் பாத்துக்க, அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வச்சுக்கும். மறுநா தூக்கிப் பாரு. லேசா இருந்தா ஊத்து, கனமா இருந்தா இறக்கி வச்சுட்டுப் பேசாம வா. நான் பாத்தவரைக்கும் டவுன்ல கன்னு காய்ஞ்சு செத்ததைவிட வேரு அழுகிச் செத்ததுதான் ஜாஸ்தி. இதுல கூத்து என்னன்னா, அழுகுன கன்னும் காய்ஞ்ச கன்னும் வெளியே ஒண்ணுபோலத்தான் வாடும். வாடுதேன்னு நீ இன்னொரு செம்பு ஊத்துவே. சோலி முடிஞ்சுரும்.

எந்தத் தண்ணியை ஊத்துறேன்னும் கேட்டேன். "ஆர்ஓ மெசின்ல வீணாப்போற தண்ணியைப் புடிச்சு ஊத்துறேன் மாமா, சிக்கனம்"னே. அந்த மெசினு உப்பைப் பிரிச்சு எதுல விடுதுன்னு நெனச்சே? உனக்கு நல்ல தண்ணி, மாங்கன்னுக்கு உப்புக்கரைசல். மாவுக்கு உப்பு ஆகவே ஆகாது. எலை நுனி தீஞ்சாப்புல கருகி வந்தா அதுவும் ஒரு காரணம். மத்தியானம் மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணியும் வேணாம். அதுல நீ காப்பிதான் போடலாம்.

நெழலைப் பத்திப் பாப்போம். இருட்டுப் பெட்டியிலேருந்து வர்ற கன்னுல சில கொழுந்து வெளிறி, மஞ்சளா, நீளமா இருக்கும். வெளிச்சம் எங்கேன்னு தேடி நீண்டது அது. அதைப் போய் நேர் வெயில்ல வச்சா எலை வெந்துபோகும், வெள்ளை வெள்ளையாத் திட்டு விழும். முதல் வாரம் மர நெழல், இல்லாட்டி பச்சை நெழல்வலை, 50 சதவீதம்னு கேட்டா கடையிலே குடுப்பான். அடுத்த வாரம் காலைவெயில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. பால்கனி டைல்ஸ் மேலே நேரா வைக்காதே, சூடு அடியிலேருந்து ஏறும். ஒரு சாக்கை நாலா மடிச்சுப் போட்டு அது மேலே வை. உங்க அத்தையோட செம்பருத்திக்குப் பக்கத்துல மட்டும் கொண்டுவந்து வச்சுராதே. எலைக்கு அடியில மாவுப்பூச்சி இருக்கான்னு பாத்து, எறும்பு ஏறி இறங்குதான்னு பாத்து, பத்துப் பதினஞ்சு நாள் தனியா இருக்கட்டும். எறும்பு வரிசையா மேலே போகுதுன்னா மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ பந்தி போட்டுருக்குன்னு அர்த்தம்.

எலை உதிருது, செத்துப்போச்சான்னு அழுதே. எலை உதிர்றது ஒண்ணும் பெரிய விசயமில்லை. வேர் குடுக்குற தண்ணி பத்தலைன்னா கன்னு செலவைக் குறைச்சுக்கும், உன்னைவிட அதுக்குக் கணக்குத் தெரியும். உசுரு இருக்கான்னு பாக்கணும்னா நகத்தால பட்டையை லேசாச் சொரண்டிப் பாரு. உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தா உசுரு இருக்கு, பழுப்பா வறண்டு கெடந்தா இல்லை. ஆனா எங்கே சொரண்டுறதுன்னு ஒரு சூட்சுமம் இருக்கு. அடித்தண்டுல ஒரு சாணுக்குள்ள ஒரு முடிச்சு மாதிரிப் புடைச்சுருக்கும் பாரு, அதுதான் ஒட்டு. அதுக்குக் கீழே இருக்குறது எவனோ தின்னுட்டுப் போட்ட நாட்டு மாங்கொட்டை. மேலே இருக்குறதுதான் நீ காசு குடுத்த இமாம்பசந்த். ஒட்டுக்கு மேலே சொரண்டிப் பாக்கணும். கீழே சொரண்டிட்டு, "பச்சையா இருக்கு மாமா, பொழச்சுருச்சு"ன்னு சொன்னா, மாங்கொட்டை பொழச்சுருக்குன்னு அர்த்தம்.

இந்த எடத்துலதான் உன்னை நெனச்சு நான் தனியாச் சிரிச்சேன். போன வாரம் ஒரு போட்டோ போட்டே. "புதுத் துளிர்! புது நம்பிக்கை!"ன்னு. நான் கண்ணாடியைப் போட்டுப் பெருசு பண்ணிப் பாத்தேன். துளிர் வந்துருக்குறது ஒட்டுக்குக் கீழே. நாட்டு மாங்கொட்டை சும்மா இருக்குமா? மேலே கட்டுன சீமான் களைச்சுக் கெடக்கான், நாம கெளம்பிருவோம்னு கெளம்பிருச்சு. அதை விட்டேன்னா சத்தையெல்லாம் உறிஞ்சு ஜம்முனு வளரும். இமாம்பசந்த் ஓரமா நின்னு கருகும். அஞ்சாறு வருசம் கழிச்சு உன் தோப்புல பல்லு கூசுற புளிப்புல காய்க்கும், எங்க ஊறுகாய்க்கு ஆகும். அதனால எனக்கொண்ணும் நட்டமில்லை. உனக்கு வேணாம்னா, அந்தத் துளிரை மொளைச்ச எடத்துலயே நகத்தால கிள்ளி எறி. திரும்ப வரும், திரும்பக் கிள்ளு.

ஒட்டு கட்டுன பாலித்தீன் நாடா இன்னும் இருக்கான்னும் பாரு. ஒட்டுப் புடிச்சு மேலே எலை நல்லா முத்திருச்சுன்னா அதுக்கு அங்கே வேலை கெடையாது. விட்டா தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே போய் இறுக்கிரும். பிளேடு நுனியால நாடாவை மட்டும் நெடுக்கே கீறு. வீடியோ எடுத்துக்கிட்டே ஒத்தக் கையால கீறாதே.

பூ வேற வந்துருக்காமே ஒண்ணுல. ஒட்டுக்கன்னு பாக்கெட்டுலயே பூக்கும், அது காய்ச்ச தாய்மரத்துக் குச்சிதானே. கிள்ளிப் போட்டுரு. உனக்கு மனசு வராது, தெரியும். வரலைன்னா உங்க அம்மாகிட்டச் சொல்லு, கண்ணை மூடிக்கிட்டுக் கிள்ளிரும். முழங்கால் உசரம் இல்லாத கன்னு காயைத் தூக்கிச் சுமந்தா வேரு எப்படிப் போடும்? நட்டு முதல் மூணு வருசம் பூவெடுத்துத்தான் விடணும்.

ஒரம் போடணுமான்னு கேட்டே. கேக்குறதுக்கு முன்னாடியே பஞ்சகவ்யாவை அப்படியே ஒரு டம்ளர் ஊத்திட்டதா உங்க அம்மா போட்டுக் குடுத்துருச்சு. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைக் கண்டுபுடிச்சு ஊருக்கெல்லாம் சொன்னாரு, நல்ல மனுசரு. அவரு 100 லிட்டர் தண்ணிக்கு 3 லிட்டர்னு சொன்னாரு. நீ அந்த 100 லிட்டர் தண்ணியை விட்டுட்டே. வாசம் அடிச்சுப் பக்கத்து ஃபிளாட்காரன் சண்டைக்கு வந்தானா இல்லையா? புது வேர் ஓடாத கன்னுக்கு யூரியாவும் வேணாம், பஞ்சகவ்யாவும் வேணாம். மா வந்து கொழுந்து விட்டா முதல்ல செம்பு நெறத்துல மினுமினுன்னு தொங்கும். அது பச்சையாகி, தொட்டா மொடமொடன்னு வர்றவரைக்கும் ஒண்ணும் போடாதே. எடத்தை விட்டும் கன்னை நகத்தாதே. அப்புறமா தண்ணி கலந்து லேசா ஊத்திக்கலாம். மிச்சம் இருக்குற பஞ்சகவ்யா கேனை இங்கே அனுப்பிவிடு, அது உன்கிட்ட இருக்குறது கன்னுகளுக்கு நல்லதில்லை.

கன்னு பயணம் லேசுப்பட்டது இல்லை மாப்ளே. உங்க சின்ன மாமா ஊட்டியில வேலை பாக்குறப்போ கேட்ட கதை இது. லண்டன்ல வார்டுன்னு ஒரு டாக்டர், 1829ல மூடுன கண்ணாடிப் பாத்திரத்துக்குள்ள செடி தானாப் பொழைக்கிறதைக் கவனிச்சு, அதை வச்சுக் கப்பல்ல செடி அனுப்புறதுக்குப் பெட்டி செஞ்சாரு. உள்ளே இருக்குற ஈரமே சுத்திச் சுத்தி வரும், உப்புக்காத்து அண்டாது. மார்க்கம்னு ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தப் பெட்டியிலதான் 1860ல பெரு நாட்டுலேருந்து சிங்கோனாக் கன்னு கொண்டுவந்தாரு, மலேரியாக் காய்ச்சல் மருந்துக்கு. பனாமா தாண்டி, இங்கிலாந்து போய், எகிப்து வந்து, செங்கடல் வெக்கையில வெந்து, பம்பாய் வழியா ஊட்டி வந்து சேர்ந்துச்சு. வந்ததுல ஒண்ணுகூடத் தேறலை. மறுவருசம் கியூ தோட்டத்துத் தோட்டக்காரரு கிராஸ், ஈக்வடார்லேருந்து செம்பட்டைச் சிங்கோனாவைக் கூடவே இருந்து கொண்டாந்தாரு. அது பொழச்சுருச்சு. ஊட்டியில மக்கைவர்னு ஒருத்தர் அதைப் பெருக்கி மலையெல்லாம் நட்டாரு. சர்க்காரே கண்ணாடிப்பெட்டி, கப்பல், துரைன்னு செலவழிச்சுக் கொண்டுவந்த கன்னே செத்துச்சு. உனக்கு அட்டைப்பெட்டியில வந்த கன்னு எலையோட நிக்குதுன்னா, அனுப்புனவனுக்கு ஒரு கும்பிடு போட்டுக்க.

மியாசாகி பத்திக் கேட்டா கோவப்படுவே, இருந்தாலும் சொல்றேன். பெரியகுளம் காலேஜுல ஒரு பயிற்சிக்குப் போனப்போ வாத்தியாரு சொன்னாரு, மியாசாகிங்குறது ஜப்பான்ல ஒரு ஊராம். அங்கே யானை வெலைக்கு விக்கிறது இர்வின்னு ஒரு ரகம், பொறந்தது அமெரிக்காவுல புளோரிடாவுல. கூடாரம் போட்டு, ஒவ்வொரு காய்க்கும் வலை கட்டி, தானா விழுற வரைக்கும் காத்திருக்கான் பாரு, அந்தக் கூலிதான் வெலை. கன்னுக்குள்ள அந்தக் கூலி வராது. சரி, வாங்கிட்டே, வளக்குறேன். லச்ச ரூவாய்க்குப் பழம் வித்தா பாதி எனக்கு.

பலாவைப் பத்தி ரெண்டு வார்த்தை. பண்ருட்டிப் பக்கத்துல பாலூர் ஆராய்ச்சி நிலையத்துல பாலூர் 1னு நம்ம மண்ணுக்குன்னே ரகம் விட்டுருக்காங்க, நீ வியட்நாம் வரைக்கும் போயிட்டே. எந்த ஊரா இருந்தாலும் பலா ரோசக்காரன். ஆணிவேரு அலுங்குனா மூஞ்சியைத் திருப்பிக்கும். வேற தொட்டிக்கு மாத்துறேன்னு நோண்டாதே. சப்போட்டா அதுக்கு நேர்மாறு, பாலைக் கட்டையில ஒட்டுக் கட்டுனது, அதுக்கு அவசரமே கெடையாது. எலையை உதிர்த்துட்டு ஒரு மாசம் உம்முனு நிக்கும். நிக்கட்டும்.

தென்னைக்குத்தான் காத்திருக்கத் தெரியாது. நெத்தோட வந்துருக்குறதுனால அதுக்குள்ள இருக்குற சத்துல கொஞ்ச நாள் ஓட்டும். வேரை வெட்டித்தான் எடுத்துருப்பான், அது காய்ஞ்சுச்சுன்னா அவ்வளவுதான். மட்டையைப் பிடிச்சுத் தூக்காதே, நெத்தைப் பிடிச்சுத் தூக்கு. இந்த வாரக் கடைசியிலயே பஸ்ஸுல போட்டுக் கொண்டுவா. கிணத்துமேட்டுல ஈரம் இருக்கு, அதை மட்டும் இப்பவே வச்சுருவோம். காரோட டிக்கியில போட்டுக் கொண்டுவந்து மதுரையில பிரியாணி சாப்பிட நிறுத்துறதா இருந்தா, நெழல் பாத்து நிறுத்து.

மாவும் பலாவும் சப்போட்டாவும் ஐப்பசி மழைக்குத்தான். ஆடியில வைக்கலாமேன்னு உன் யூடியூப் வாத்தியாரு சொல்வாரு. அவரு ஊருல எப்படியோ, நம்ம பக்கம் ஆடிக்காத்து அடிச்சா குடிசைக் கூரையே ஒரண்டைக்கு வரும், பென்சில் தண்டிக்கு இருக்குற ஒட்டுக் கன்னு எம்மாத்திரம். ஆக, அம்புட்டு மாசம் கன்னு பாக்கெட்டுலயே இருக்கணும். பேசாம, கொழுந்து முத்துனதும் எல்லாத்தையும் இங்கே கொண்டாந்து போடு. புங்கமரத்தடியில வரிசையா வச்சு, சுத்தி முள்ளு அடைச்சுடுறேன். வெள்ளாட்டுக்கு இமாம்பசந்த்னும் தெரியாது, ஆஃபர்னும் தெரியாது. மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம் பாக்கெட்டைத் தூக்கி எடம் மாத்தி வைக்கணும். இல்லாட்டி அடி ஓட்டை வழியா வேரு தரையில எறங்கிரும், அப்புறம் புடுங்குறப்போ வேரு தரையிலயும் கன்னு கையிலயும் இருக்கும். ஆவணியில மாவை மட்டும் பெரிய பாக்கெட்டுக்கு மண்ணு உடையாம மாத்துவேன். அதுக்குப் பாக்கெட்டு நத்தத்துலயே கெடைக்கும், ஆன்லைன்ல போட்டுறாதே.

குழியை இப்பவே வெட்டணும். மூணுக்கு மூணு, ஆழமும் மூணடி. மேல்மண்ணு ஒரு பக்கம், அடிமண்ணு ஒரு பக்கம். வெயில் குழிக்குள்ள நல்லா விழுந்து காயட்டும், சித்திரை வெயிலுக்கு அந்த ஒரு வேலை இருக்கு. நடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மக்குன எருவும் வேப்பம் புண்ணாக்கும் மேல்மண்ணோட கலந்து மூடிடுவோம். பச்சைச் சாணி போட்டா கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் விருந்து வச்ச கதை. நடுற அன்னைக்கு நீ வரணும், வந்து ஓரமா நில்லு. பாக்கெட்டைக் கிழிச்சு, அடியில சுருண்ட வேரை ஒரு விரக்கடை வெட்டிட்டு, ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியுற மாதிரி நான் வைக்கிறேன். பாக்கெட்டோட நட்ட மகராசன்லாம் நம்ம ஊருல இருக்கான், பேரு சொன்னா உனக்குச் சொந்தம்தான் வரும்.

குழிக்கு ஆள் சொல்லியாச்சு. நாளைக்கு வெள்ளனா வர்றாங்க. கூலியை இன்னைக்கு ராத்திரிக்குள்ள போன்ல போட்டுவிட்டுரு, கூடவே டீக்கும் வடைக்கும். கடப்பாரை என் செலவு.